பழைய டெஸ்க்டாப்ல என்ன ப்ராசசர் இருக்கு, மாத்தினா தேறுமா? எல்ஜிஏ775 மெஷினுக்கு சிம்ப்டம் வச்சு ஒரு வழி

2006-ல இருந்து 2011 வரைக்கும் லோக்கல்ல அசெம்பிள் பண்ணி வாங்கின இன்டெல் சிஸ்டம்னா உள்ள பெரும்பாலும் எல்ஜிஏ775 சாக்கெட்தான், அதாவது போர்டுல ப்ராசசர் உக்கார்ற இடத்தோட டைப். இந்த ஒரே சாக்கெட்ல பென்டியம் 4-ம் உக்காரும், பென்டியம் டி-யும் உக்காரும், கோர் 2 டுவோ, கோர் 2 குவாட் எல்லாமே உக்காரும், அதனாலதான் இவ்ளோ குழப்பமே. சாக்கெட்ல உக்காந்துட்டா ஓடிடும்னு நினைச்சு சிப் வாங்கிட்டு வந்து டிஸ்பிளே வரலன்னு தலைல கை வைக்கிறவங்க நிறைய பேரு. நான் சொல்ற ஆர்டர் இதுதான்: முதல்ல உள்ள என்ன இருக்குன்னு பாருங்க, அப்புறம் போர்டு எதைத் தாங்கும்னு பாருங்க, பர்ஸ கடைசியா திறங்க. இந்த தலைமுறை மெஷினுக்கு சில நூறு ரூபாய்க்கு மேல ப்ராசசர்ல போடுறது வேஸ்ட், ஏன்னு கீழ வரும்.

"டாஸ்க் மேனேஜர்ல ரெண்டு கிராஃப் வருது, அப்ப டூயல் கோர்தானே?"

அவசியம் இல்ல. பென்டியம் 4-ல ஹைப்பர் த்ரெடிங் இருக்குற மாடல்னா கோர் ஒண்ணுதான், ஆனா விண்டோஸ் அதை ரெண்டா காட்டும். விண்டோஸ் 10-ன்னா டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் டேப் போய் சிபியூ-வ கிளிக் பண்ணா கோர்ஸ் எத்தனை, லாஜிக்கல் ப்ராசசர் எத்தனைன்னு தனித்தனியா போட்டிருக்கும். 1-ம் 2-மா இருந்தா அது பழைய பென்டியம் 4. ரெண்டும் 2-ன்னா நிஜமாவே ரெண்டு கோர்.

அந்த பக்கத்துலயே மேல வலது ஓரத்துல ப்ராசசர் பேர் முழுசா இருக்கும். பென்டியம் டி-ன்னு இருக்கா, பென்டியம் டூயல் கோர் ஈ5300 மாதிரி இருக்கா, கோர் 2 டுவோ-வான்னு எழுத்து எழுத்தா படிங்க. கடைல எல்லாத்தையும் பொதுவா "டூயல் கோர்"னு சொல்லிடுவாங்க, அதை நம்பாதீங்க. பென்டியம் டி 925-ம் 3 கிகாஹெர்ட்ஸ், பென்டியம் ஈ5700-ம் 3 கிகாஹெர்ட்ஸ், ஆனா முன்னது பழைய நெட்பர்ஸ்ட் டிசைன், 95 வாட்ஸ் இழுத்துட்டு அடுப்பு மாதிரி கொதிக்கும், பின்னது 65 வாட்ஸ்ல அதை விட ரொம்ப வேகமா ஓடும். அந்த காலத்து சிப்ப கிகாஹெர்ட்ஸ் வச்சு கம்பேர் பண்ணவே கூடாது. கேபினெட் முன்னாடி ஒட்டியிருக்குற ஸ்டிக்கரையும் கண்டுக்காதீங்க, உள்ள எப்பவோ சிப் மாறியிருக்கும்.

போர்டு பேர் வேணும்னா ஸ்டார்ட் மெனுல சிஸ்டம் இன்ஃபர்மேஷன்னு தேடி திறந்தா பேஸ்போர்ட் ப்ராடக்ட்னு ஒரு வரி இருக்கும், அதை போட்டோ எடுத்து வச்சுக்கங்க. இன்னும் டீடெய்லா வேணும்னா சிபியூ-இசட் சாஃப்ட்வேர் ஃப்ரீதான், அதுல பேக்கேஜ் வரில சாக்கெட் பேர், டெக்னாலஜி வரில 65 நானோமீட்டரா 45 நானோமீட்டரான்னு வரும், மெயின்போர்டு டேப்ல சிப்செட்டும் (போர்டோட மெயின் கண்ட்ரோல் சில்லு, 945, ஜி31, ஜி41 மாதிரி) பயாஸ் வெர்ஷனும் (ஆன் பண்ணதும் முதல்ல ஓடுற போர்டோட சாஃப்ட்வேர்) வரும். இதெல்லாம்தான் கீழ எல்லாத்துக்கும் தேவைப்படும்.

"சிஸ்டம் ஆன் ஆகவே இல்ல, சிப் மட்டும் கைல இருக்கு"

கூலர கழட்டி, மேல இருக்குற பழைய பேஸ்ட்ட ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடைங்க. எழுத்து தெரியலன்னா டார்ச்ச சாய்ச்சு அடிச்சு பாருங்க, லேசர்ல பொறிச்சதுங்கறதால சைடுல வெளிச்சம் பட்டா நல்லா தெரியும். கோர் 2 டுவோ ஈ8400 ஒண்ணுல இப்படி இருக்கும்: மாடல் பேருக்கு கீழ எஸ்எல்பி9ஜே-ன்னு ஒரு கோடு, எந்த நாட்டுல செஞ்சதுன்னு ஒரு பேர், அதோட 3.00 கிகாஹெர்ட்ஸ், 6எம், 1333, 06-ன்னு கோடு போட்டு பிரிச்ச ஒரு வரி. அந்த ஒரே வரில வேகம், கேஷ் 6 எம்பி, பஸ் ஸ்பீடு (சிப்புக்கும் போர்டுக்கும் நடுவுல டேட்டா போற வேகம்) 1333, கடைசியா பவர் பத்தின கோடு எல்லாம் இருக்கு. 06-ன்னா 65 வாட்ஸ் வகையறா, 05ஏ-ன்னா 95 வாட்ஸ் வகையறா. 95 வாட்ஸ் குவாட் கோர் க்யூ6600-ல 05ஏ-ன்னு பாப்பீங்க.

அந்த எஸ்எல்-ல ஆரம்பிக்கிற அஞ்செழுத்து கோடுதான் உண்மையான அடையாளம், மாடல் நம்பர் கூட ரெண்டாம்பட்சம்தான். க்யூ6600-லயே எஸ்எல்9யூஎம்-ன்னா முதல்ல வந்த பி3 ரெவிஷன், அது 105 வாட்ஸ், எஸ்எல்ஏசிஆர்-ன்னா பின்னாடி வந்த ஜி0, 95 வாட்ஸ், சூடு கம்மி. ஈ7500-லயும் அதே கதை, எஸ்எல்ஜிடிஈ-ல விர்ச்சுவலைசேஷன் (விண்டோஸுக்குள்ளயே இன்னொரு ஓஎஸ் ஓட்ட உதவுற வசதி) உண்டு, எஸ்எல்பி9இசட்-ல கிடையாது, வெளில பாத்தா ரெண்டும் ஒரே ஈ7500, ஒரே 2.93 கிகாஹெர்ட்ஸ். விர்ச்சுவல் பாக்ஸ்ல ஏதாவது ஓட்டணும்னு ஐடியா இருந்தா கடைக்காரர்கிட்ட சிப் மேல இருக்குற எழுத்த போட்டோ கேட்டு வாங்கி பாத்துட்டு காசு கொடுங்க.

சிப்புக்கு அடில ஊசி ஊசியா பின் இருந்தா அது 775 இல்ல, பழைய 478 இல்லன்னா ஏஎம்டி. 775-ல ஊசி எல்லாம் போர்டு பக்கம் சாக்கெட்ல இருக்கும், சிப்ல தட்டையான தங்கப் புள்ளிதான்.

"3 கிகாஹெர்ட்ஸ் சிப், ஆனா 2 தான் காட்டுது"

இதுக்கு மூணு காரணம் இருக்கலாம், நம்பர வச்சே கண்டுபிடிச்சிடலாம்.

ஈ8400-ன்னா பஸ் 333 மெகாஹெர்ட்ஸ் (சிப் மேல இருக்குற 1333 இதோட நாலு மடங்கு), பெருக்கல் 9, ஆக 3.0. சும்மா இருக்கும்போது கரெண்ட் மிச்சம் பண்ண பெருக்கல 6-க்கு இறக்கிக்கும், அப்ப 333-ஐ 6-ஆல பெருக்கினா 2.0. இது நார்மல், ஒரு குறையும் இல்ல. ஈ7500-ன்னா சும்மா இருக்கும்போது 1.6, ஈ5200-ன்னா 1.2 காட்டும். ஏதாவது பெரிய ஃபைல ஜிப் பண்ண விட்டு அப்ப பாருங்க, முழு வேகத்துக்கு ஏறணும்.

வேலை கொடுத்தும் 2.4-ல நிக்குதா? அப்ப போர்டு 1333 பஸ்ஸ கொடுக்கல, 1066-லயே ஓட்டுது, 266-ஐ 9-ஆல பெருக்கினா 2.4. இன்னும் பழைய போர்டு 800-ல ஓட்டினா 1.8 வரும். 945 சிப்செட் போர்டுல 1333 சிப் போட்டா பொதுவா நடக்குறது இதுதான், இல்லன்னா டிஸ்பிளேவே வராது. அந்த போர்டுக்கு அதுக்கு மேல செலவு பண்ணாதீங்க.

முழு வேகத்துக்கு ஏறி ரெண்டு நிமிஷத்துல திரும்ப இறங்கினா சூடு. கூலர் பத்தி கீழ இருக்கு.

பேர் இருக்குற இடத்துல மாடல் நம்பரே இல்லாம "ஜென்யுன் இன்டெல் சிபியூ"ன்னு மட்டும் வந்து கூட சைபர் சைபரா இருந்தா அது கம்பெனி டெஸ்டிங்குக்கு விட்ட எஞ்சினியரிங் சாம்பிளா இருக்கலாம், காசு கொடுத்து வாங்கியிருந்தா திருப்பி கொடுத்துடுங்க. ஜியான்னு காட்டினா அது சர்வர் சிப்ப 775-க்கு மாத்தினது, ஈ5450 மாதிரி. 771 சாக்கெட் சிப்புக்கு அடில ஒரு குட்டி ஸ்டிக்கர் ஒட்டி ரெண்டு காண்டாக்ட்ட மாத்தி விட்டு விக்கிறாங்க. 3 கிகாஹெர்ட்ஸ், 12 எம்பி கேஷ், 80 வாட்ஸ், கோர் 2 குவாட் க்யூ9650-க்கு ஈடா ஓடும், தப்பே இல்ல. ஆனா சாக்கெட் ஓரத்துல இருக்குற குட்டி பிளாஸ்டிக் புடைப்ப வெட்டணும், பயாஸ்ல அந்த சிப்ப அடையாளம் கண்டு ஓட்டுறதுக்கான மைக்ரோகோட் இருக்கணும், இல்லன்னா வேகம் குறைஞ்சு முக்கும். பிளேடு எடுத்து சாக்கெட் பக்கம் போக தைரியம் இருக்கறவங்களுக்கு மட்டும்.

"புது சிப் மாட்டினேன், ஃபேன் சுத்துது, டிஸ்பிளே இல்ல"

பழைய சிப்ப தூக்கி போட்டுடலயே? அதை திரும்ப மாட்டுங்க. டிஸ்பிளே வந்துச்சுன்னா போர்டு நல்லாத்தான் இருக்கு, பயாஸ்தான் பழசு. 45 நானோமீட்டர் சிப்புங்க (ஈ5000, ஈ7000, ஈ8000, க்யூ8000, க்யூ9000 எல்லாம் அந்த வகை) வர்றதுக்கு முன்னாடி வந்த பயாஸுக்கு அதுங்கள அடையாளமே தெரியாது. போர்டு கம்பெனி சைட்ல சிபியூ சப்போர்ட் லிஸ்ட்னு ஒண்ணு இருக்கும், கிகாபைட் மாதிரி கம்பெனி லிஸ்ட்ல ஒவ்வொரு சிப்புக்கும் எந்த பயாஸ் வெர்ஷன்ல இருந்து ஓடும்னும் போட்டிருப்பாங்க. இதுல ஒரு சூட்சுமம், ஒரே போர்டு பேர்ல ரெவிஷன் 1, ரெவிஷன் 2-ன்னு வேற வேற இருக்கும், சப்போர்ட் லிஸ்ட்டும் வேற, பயாஸ் ஃபைலும் வேற. ரெவிஷன் நம்பர் போர்டு ஓரத்துல வெள்ளை எழுத்துல இருக்கும், அதை பாக்காம ஃபைல் டவுன்லோட் பண்ணாதீங்க.

பயாஸ் அப்டேட்ட பழைய சிப் மாட்டியிருக்கும்போதே முடிச்சிடணும், அதுவும் யூபிஎஸ்ல போட்டுட்டு. நடுவுல கரெண்ட் போச்சுன்னா போர்டு செங்கல்தான்.

பயாஸும் புதுசு, லிஸ்ட்லயும் இருக்கு, அப்பவும் வரலன்னா இந்த வரிசைல பாருங்க. ப்ளக்க புடுங்கிட்டு வட்ட பேட்டரிய கழட்டி கொஞ்ச நேரம் கழிச்சு மாட்டுங்க, பழைய செட்டிங் எல்லாம் அழியும். ப்ராசசர் பக்கத்துல இருக்குற நாலு பின் 12 வோல்ட் கனெக்டர் மாட்டியிருக்கா பாருங்க, கூலர் மாட்டும்போது கழட்டினத மறந்துடுவாங்க, அது இல்லாமயும் ஃபேன் ஜம்முனு சுத்தும். ரேம் ஒண்ண மட்டும் விட்டுட்டு மத்தத கழட்டுங்க. கடைசியா சிப்ப எடுத்துட்டு சாக்கெட் ஊசிங்கள சைடுல இருந்து வெளிச்சம் அடிச்சு பாருங்க, எல்லாம் ஒரே பக்கம் சாஞ்சு ஒரே மாதிரி மின்னணும், ஒண்ணு மட்டும் வேற மாதிரி மின்னினா அது வளைஞ்சிருக்கு. செகண்ட் ஹேண்ட் போர்டு வாங்கும்போதும் முதல்ல இதைத்தான் பாக்கணும்.

ஆன் ஆகி, ஆஃப் ஆகி, திரும்ப ஆன் ஆகிட்டே இருந்தா, நீங்க போட்டது 95 வாட்ஸ் குவாட் கோரா இருந்தா, போர்டோட பவர் செக்‌ஷன் இல்லன்னா எஸ்எம்பிஎஸ் (கரெண்ட் கொடுக்குற பவர் சப்ளை பெட்டி) தாங்கலன்னு சந்தேகப்படுங்க. சீப்பான ஜி31 போர்டுங்க சிலது சப்போர்ட் லிஸ்ட்லயே குவாட் கோர விட்டிருக்கும், அது சும்மா விடல.

"பத்து நிமிஷம் ஓடுது, அப்புறம் டப்புனு ஆஃப்"

இதுல பாதிக்கு மேல கூலர் சரியா உக்காரலங்கறதுதான். 775-ஓட ஒரிஜினல் கூலர்ல நாலு மூலைலயும் கறுப்பு புஷ் பின் இருக்கும், தலைல ஒரு அம்புக்குறி போட்டிருக்கும். அந்த அம்புக்குறி கழட்டுற திசை, மாட்டுற திசை இல்ல! மாட்டும்போது அம்புக்கு எதிர் பக்கம், அதாவது கடிகார திசைல முழுக்க திருப்பி வச்சுட்டு, எதிரெதிர் மூலையா ரெண்டு ரெண்டா ஒரே நேரத்துல அழுத்தணும், க்ளிக்னு சத்தம் கேக்கணும். அப்புறம் போர்ட திருப்பி பாத்தா நாலு ஓட்டைலயும் வெள்ளை பிளாஸ்டிக் கால் ரெண்டும் விரிஞ்சு நடுவுல கறுப்பு ஊசி வெளில வந்திருக்கணும். மூணு மூலை மாட்டி ஒண்ணு தொங்கினா மேல இருந்து பாக்கும்போது தெரியவே தெரியாது, கூலர லேசா ஆட்டி பாருங்க. கேபினெட்டுக்குள்ளயே வச்சு மாட்டாம போர்ட வெளில எடுத்து மாட்டுறது நல்லது, இல்லன்னா போர்டு வளையும்.

பேஸ்ட் பட்டாணி அளவு போதும். டூயல் கோருக்கு வந்த உயரம் கம்மியான அலுமினிய கூலர குவாட் கோருக்கு போடாதீங்க, குவாட் கோருக்கு நடுவுல செம்பு வச்ச உயரமான கூலர் உண்டு, சிப் வாங்கும்போதே அதையும் சேத்து கேளுங்க. டெம்பரேச்சர் சாஃப்ட்வேர்ல வேலை கொடுக்கும்போது 70 டிகிரிக்குள்ள இருந்தா நிம்மதி, 100-ஐ நெருங்கினா சிப் தானா வேகத்த இறக்கும், அதுக்கும் மேல போனா ஆஃப் பண்ணிக்கும்.

சூடு கம்மியாதான் இருக்கு, அப்பவும் ஆஃப் ஆகுதுன்னா போர்டுல ப்ராசசர சுத்தி நிக்கிற கெபாசிட்டருங்க தலை உப்பியிருக்கா பாருங்க.

"சிபியூ 15 பர்சன்ட்தான், ஆனா மெஷின் நகர மாட்டேங்குது"

டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் 100 பர்சன்ட்ல நிக்குதா? அப்ப ப்ராசசர் மேல பழி போடாதீங்க, ஹார்டு டிஸ்க்தான் ஆளு. சாட்டா எஸ்எஸ்டி ஒண்ணு போடுங்க. ஜி31, ஜி41 போர்டுல சாட்டா 2 தான், எஸ்எஸ்டி-ய முழுசா பயன்படுத்துற ஏஹெச்சிஐ மோடும் வழக்கமா வராது, முழு வேகம் கிடைக்காது, பரவால்ல, பழைய ஹார்டு டிஸ்க்ல இருந்து வர்றவங்களுக்கு அது வேற மெஷின் மாதிரி இருக்கும். ப்ராசசர் மாத்துறத விட இதுல கிடைக்கிற வித்தியாசம் பெருசு, நாளைக்கு வேற சிஸ்டம் வாங்கினா கழட்டி எடுத்துட்டும் போகலாம்.

"4 ஜிபி போட்டேன், 3.25 தான் காட்டுது" / "8 ஜிபி போட்டா ஆன் ஆகல"

முதலாவது 32 பிட் விண்டோஸ், 64 பிட் போடுங்க, கோர் 2-ல தாராளமா ஓடும். ரெண்டாவதுதான் நிறைய பேர் மாட்டுற இடம். ஜி31-க்கு மொத்தமே 4 ஜிபிதான், அதுக்கு மேல ஆசைப்படாதீங்க. ஜி41-க்கு 8 ஜிபி, ஆனா டிடிஆர்2 போர்டும் இருக்கு, டிடிஆர்3 போர்டும் இருக்கு, கிகாபைட் ஜி41எம்-ஈஎஸ்2எல் டிடிஆர்2, ஆசஸ் பி5ஜி41டி-எம் எல்எக்ஸ் டிடிஆர்3.

டிடிஆர்3 4 ஜிபி ஸ்டிக் வாங்கும்போது கைல வாங்கி சில்லு எண்ணுங்க. ரெண்டு பக்கமும் எட்டு எட்டா 16 சில்லு இருந்தாதான் ஜி41 ஏத்துக்கும், ஒரே பக்கம் 8 சில்லு வச்ச புது டைப்ப ஏத்துக்காது. டிடிஆர்2-ல 4 ஜிபி ஸ்டிக் ஆன்லைன்ல ரொம்ப சீப்பா வருதுன்னா விவரத்துல "ஏஎம்டி போர்டுக்கு மட்டும்"னு குட்டியா போட்டிருக்கும், அது நிஜம், இன்டெல் போர்டுல ஓடாது.

"யூடியூப் 1080-ல திக்குது"

யூடியூப் இப்ப அனுப்புற விபி9, ஏவி1 வீடியோவ பிரிச்சு காட்டுற ஹார்டுவேர் இந்த ஆன்போர்டு கிராஃபிக்ஸ்ல கிடையாது, மொத்த பாரமும் ப்ராசசர் தலைல. டூயல் கோர்னா மூச்சு வாங்கும், குவாட் கோர்னா சமாளிக்கும். 720-க்கு இறக்குறது இலவசம். கார்டு போடணும்னா ஜிடி 710 விபி9-ஐ பிரிக்காது, ஜிடி 1030 பிரிக்கும், ஆனா பழைய பயாஸ் போர்டு சிலதுல புது கார்டு டிஸ்பிளேவே காட்டாது, மாட்டி பாத்துட்டு வாங்குற மாதிரி இருந்தா மட்டும் வாங்குங்க.

"விண்டோஸ் 11 போட்டேன், லோகோலயே நிக்குது"

விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சிடுச்சு, அதனால எல்லாரும் டிபிஎம் (விண்டோஸ் 11 கேக்குற செக்யூரிட்டி சில்லு) செக்க தாண்டி 11-ஐ ஏத்த பாக்குறாங்க. கோர் 2-ல இது நடக்காது. 24ஹெச்2 வெர்ஷன்ல இருந்து எஸ்எஸ்இ 4.2-ங்கற கட்டளைத் தொகுப்பும் பாப்கவுன்ட்ங்கற கட்டளையும் ப்ராசசர்ல இருந்தே ஆகணும். 45 நானோமீட்டர் கோர் 2-ல எஸ்எஸ்இ 4.1 வரைக்கும்தான், 65 நானோமீட்டர் க்யூ6600-ல அதுவும் இல்ல. க்யூ9650 போட்டாலும் இதே கதை, எந்த ட்ரிக்கும் சிப்ல இல்லாத கட்டளைய கொண்டு வராது. ஏஎம்டி ஃபீனம் 2-லயும் எஸ்எஸ்இ 4.2 இல்ல, அவங்களுக்கும் இதேதான். லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஈ போட்டா பிரவுசர், ஆபீஸ் வேலை, பசங்க படிப்புக்கு ஓடும்.

சரி, எந்த சிப் வாங்கலாம்?

உள்ள இருக்குறது பென்டியம் 4, பென்டியம் டி, செலரான் டி-ன்னா, போர்டு லிஸ்ட்ல கோர் 2 இருந்தா, ஒரு ஈ7500-ஓ ஈ8400-ஓ போடுங்க, கரெண்டும் மிச்சம், வேகமும் கூடும். லிஸ்ட்ல கோர் 2 இல்லன்னா அந்த போர்டுக்கு எதுவுமே வாங்காதீங்க. ஈ2180, ஈ5200 மாதிரி இருந்து போர்டு ஜி41-ன்னா க்யூ8400 இல்ல க்யூ9550, கூலரோட. ஏற்கனவே ஈ8400 இருந்து வேலை டைப்பிங், டேலி மாதிரின்னா விட்டுடுங்க, க்யூ9550-ல ஒரு கோரோட வேகம் அதை விட கம்மிதான், 2.83, டேலிக்கு நாலு கோர் பெருசா உதவாது.

சென்னைல ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனா இந்த சிப்பெல்லாம் டப்பால கொட்டி வச்சிருப்பாங்க, சல்லிசா கிடைக்கும். அந்த விலைக்கு மேல க்யூ9650-க்கு யாராவது "ரேர் பீஸ்"னு விலை சொன்னா அப்படியே நடந்துடுங்க, 54 வாட்ஸ் ஐ3 4130, ரெண்டே கோர் வச்சுக்கிட்டு, சிங்கிள் கோர் வேகத்துல அதை எங்கயோ விட்டுட்டு போயிடும். அந்த காசோட இன்னும் கொஞ்சம் சேத்து ஆபீஸ்ல இருந்து கழிச்சு விட்ட டெல் ஆப்டிப்ளெக்ஸ், லெனோவா திங்க்சென்டர் மாதிரி பெட்டி பாருங்க. விண்டோஸ் 11 முறைப்படி வேணும்னா 8-வது ஜெனரேஷன்ல இருந்து மேல, ஐ3 8100-லயே நாலு கோர் இருக்கு. வாங்கும்போது எஸ்எம்பிஎஸ் ஆன் ஆகுதான்னு அங்கயே போட்டு பாருங்க, இந்த பிராண்டட் பெட்டிங்கள்ல கனெக்டர் தனி டிசைன், கடைல கிடைக்கிற சாதா எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. பழைய மெஷின்ல போட்ட எஸ்எஸ்டி-ய கழட்டி இதுல மாட்டிக்கலாம், டிடிஆர்2 ரேம் மட்டும் எதுக்கும் ஆகாது, வாங்க ஆள் இருந்தா கொடுத்துடுங்க.